அந்தாலியாவுக்குப் பத்தாவது ஆள்

ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர் தட்டோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, இத்தனை வருஷமா துருக்கிக்கு ஆள் அனுப்பினீங்களே, அந்தக் கடல் நேர்ல எப்படி இருக்கும்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவர்கள் மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஓட்டலின் பேரைத் தட்டினால் படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி வருகிறது. அது முழுசாக வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்றாலும், வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் கடற்கரை எங்கள் மேலாளர் டோ நு நுவின் வாயிலிருந்துதான் வந்தது.

நான் தட்டோடு நகர்ந்துவிட்டேன். வாயில் கேக் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுதித் தொலைத்துவிடலாம் என்று பட்டது. இதில் யாருக்கும் பாடம் எதுவும் இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதற்காக எழுதுகிறேன்.

என் பேர் சரோஜா. அடையாள அட்டையிலும் ஆபீஸிலும் டின் டின் யீ. எங்கள் தமிழ் ஆட்களுக்கு யாங்கூனில் வீட்டுக்கு ஒரு பேர், வெளிக்கு ஒரு பேர் இருப்பது வழக்கம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வீடு ஊர் ஓரத்தில், தாகேதாவில். எண்பத்தெட்டில் நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். அந்த வருஷத்துப் போராட்டக் குழப்பம் ஓய்ந்து வேலைக்குத் திரும்பியபோது என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். சில வருஷம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். தனியார் பயண ஏஜென்சிகள் முளைத்தபோது, நகர நடுவே கியாக்டடாவில் இரண்டாம் மாடியில் இருந்த ஒன்றில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷமும் கார்பன் டிக்கெட் எழுதக் கற்றுக்கொண்டதிலும் திட்டு வாங்கியதிலும் போயிற்று.

எங்களுக்குத் துருக்கிதான் பேர் வாங்கிக் கொடுத்தது. முதலில் வந்தவர்கள் வெளிநாட்டு எஞ்சினியர்கள். இங்கே ஒப்பந்தம் முடித்து, குடும்பத்தோடு இரண்டு வாரம் கடலில் கிடந்துவிட்டு அப்படியே தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து நன்றாயிருந்தது, நன்றாயில்லை என்று சொல்ல ஆள் கிடையாது. இது பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு முக்கியம்.

அப்புறம் உள்ளூர்ப் பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். போய்வந்ததை ஊருக்குப் பெருமை அடிப்பார்களே தவிர, எங்களிடம் வந்து குறை சொன்னவர் கிடையாது. அவர்களை அனுப்புவதுதான் வேலை. யாங்கூனில் துருக்கித் தூதரகம் கிடையாது. பாங்காக் போய், அங்கே விசாவுக்குக் கொடுத்து, நாலு வேலை நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் தாய்லாந்துக்காரர்களுக்கு ஒரு விடுமுறை வந்தால் நாலு நாள் ஏழு நாளாகும், இஸ்தான்புல் விமானம் போய்விடும், அங்கிருந்து அந்தாலியா போகும் சின்ன விமானமும் போய்விடும். ஆகவே என் சுவரில் மூன்று காலண்டர் தொங்கின. ஒன்று தாய்லாந்துடையது, ஒன்று துருக்கியுடையது, மூன்றாவது நல்ல நாள் கெட்ட நாள் குறித்த பர்மியக் காலண்டர். ஜோசியர் சொன்ன நாளைத் தவிர வேறு நாளில் எங்கள் வாடிக்கையாளர் வீட்டுப் படி இறங்கமாட்டார். மூன்று காலண்டரும் ஒத்துவரும் நாளைப் பிடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும்.

அதற்குப் பிறகு ஓட்டலுக்கு ஃபேக்ஸ். கடல் பார்த்த அறையா, ரோட்டைப் பார்த்த அறையா, சாப்பாடு மூன்று வேளையும் சேர்த்தியா, குழந்தைகளுக்கு ஆழமில்லாத குளம் உண்டா, மாட்டிறைச்சி சேராத சோறு கிடைக்குமா என்று கேட்பேன். பாதிப் பக்கத்தில் லைன் அறுந்துவிடும். மறுபடி அனுப்பினால் அவர்கள் இரண்டு குடும்பம் என்று நினைத்து இரண்டு மடங்கு அறை போடுவார்கள். இந்த மாதிரி ஒவ்வொரு அடி வாங்கும்போதும் ஒரு வரி எழுதி வைத்தேன். கடைசியில் அது பதினேழு வரி செக்லிஸ்ட் ஆயிற்று. பதினேழாவது வரி இப்படி இருக்கும்: "ஒன்பது பேர் என்றால் கல் ஒன்று."

ஒன்பது பேராகப் பயணம் புறப்படக்கூடாது என்பது இங்குள்ள நம்பிக்கை. ஒன்பதாக இருந்தால் பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு பத்து என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். தம்பி என்று அதற்குப் பேர்கூட வைப்பார்கள். ஒருமுறை பத்தாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒரு குடும்பமே புறப்படமாட்டேன் என்று விமான நிலையத்தில் உட்கார்ந்துவிட்டது. நான்தான் வெளியே ஓடிப்போய்ப் பூந்தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் கழுவிய கல் இரண்டு எப்போதும் இருக்கும். ஆபீஸில் எனக்கு ஒரே பெருமை.

இனி டோ நு நு. டோ, ஊ எல்லாம் இங்கே பேருக்கு முன்னால் போடும் மரியாதை, அம்மா, ஐயா மாதிரி. அவர்தான் மேலாளர். நாங்கள் எல்லோரும் மமா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். மடிப்புக் கலையாத லுங்கி, காதில் சின்னக் கெம்புத் தோடு. ஒரு ஃபைலைக் கொடுத்தால் வரிக்கு அடியில் மரஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக ஸ்கேலை இறக்கிக்கொண்டே படிப்பார். தப்பு இருந்தால் ஸ்கேல் அங்கே நின்றுவிடும். வாயைத் திறக்கமாட்டார். நான் குனிந்து தப்பைக் கண்டுபிடிக்கும்வரை ஸ்கேல் நகராது. தப்பே இல்லையென்றால் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளுவார், அதுதான் பாராட்டு. இதில் எனக்கு அவர்மேல் குறையே இல்லை. வேலை கற்றது அந்த ஸ்கேலுக்கு அடியில்தான்.

அவருடைய பெரிய சொத்து, துருக்கியைப் பார்த்தவர் என்பது. நான் சேருவதற்கு முன்னால், ஏஜென்சி ஆட்களை இலவசமாக அழைத்துப்போய் ஓட்டல் காட்டும் ஒரு பயணத்தில் நாலு நாள் போய்வந்தாராம். வாடிக்கையாளர் தயங்கினால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். "அந்தாலியாவில் மேற்குப் பக்கக் கரை. மணல் மாவு மாதிரி. கால் புதைந்தால் எடுக்க மனசு வராது" என்பார். கண்ணைத் திறக்கும்போது வாடிக்கையாளர் பணப்பையைத் திறந்திருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் லீவில் இருக்கும் நாட்களில் நான் அதையே சொல்வேன், கண்ணைக்கூட மூடுவேன். நான் துருக்கிக் கடலை மட்டுமல்ல, எந்தக் கடலையும் பார்த்ததில்லை. யாங்கூனில் ஆறுதான். கப்பலுக்குச் சரக்கு ஏற்றியே காலம் கழித்த அப்பாவும் கடலைப் பார்த்ததில்லை.

ஊ கணேசன் வந்தது இரண்டாயிரத்துக்கு அப்புறம். பருப்பு ஏற்றுமதி செய்கிறவர், நம் ஆள், எனக்கு அண்ணன் முறை சொல்லிப் பழக்கம். துருக்கியில் பருப்பு வாங்கும் ஒரு வியாபாரி குடும்பத்தோடு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அண்ணனுக்கு அறுபது நிறைகிறது, அதையும் சேர்த்துக் கடலோரம் பத்து நாள் என்று முடிவு. அண்ணன், அவர் மனைவி மீனாட்சி அக்கா, இரண்டு மகன், இரண்டு மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று.

அக்கா விரல் விட்டு எண்ணி நிறுத்தினார். "ஒம்போதுல்ல வருது? ஆகாதே."

"கல்லு போட்டுக்கலாம் அக்கா, நானே தாறேன்" என்றேன்.

"கல்லு என்னத்துக்கு? நீ வா. எங்க யாருக்கும் இங்கிலீஷ் வராது. பிள்ளைகளுக்கும் ஒரு துணை. டிக்கெட் அண்ணன் எடுக்கும்."

அண்ணன் தலையாட்டினார். "வா சரோஜா. ஊரையெல்லாம் அனுப்புற, நீயும் ஒரு தடவ பாத்துட்டு வா."

துணைக்கு என்றால் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கவும் பேப்பர் தூக்கவும்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் உடனே சரி என்றேன். அன்று பயணிகள் பட்டியலில் பத்தாவது வரியில் என் பேரை நானே டைப் அடித்தேன். இத்தனை வருஷத்தில் என் பேரை அந்தத் தாளில் அடிப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் அறையில் கூடுதலாக ஒரு கட்டில் என்று ஓட்டலுக்கு ஃபேக்ஸ் போட்டேன். பதில் ஃபேக்ஸில் என் பேர் அச்சில் வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மமாவிடம் சொன்னபோது அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். "போயிட்டு வா, டின் டின். உனக்கு வேண்டியதுதான்." அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டுக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும், லீவு தந்திருக்கிறோம், திரும்பி வந்து வேலையில் சேருவாள் என்று. "கடிதத்தை நானே போட்டு, ஃபைலையும் நம்ம புரோக்கர்கிட்ட நானே குடுத்துடறேன். நீ போய் நிக்கவேண்டாம், உன் முகத்தைப் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே "கலாமா" என்று, இந்தியக்காரி என்ற இளப்பத்தோடு கூப்பிட்டு, தாத்தா எந்த வருஷம் வந்தார், எந்தக் கப்பல், தாள் எங்கே என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் பழைய அட்டை, அம்மாவின் சாவுச் சான்று, வீட்டு ஆட்களின் பதிவுப் பட்டியல், ஐந்து போட்டோ எல்லாவற்றையும் ஒரு காக்கி உறையில் போட்டு ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். நன்றி சொல்லி, குனிந்து கும்பிட்டும் வைத்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்காரி துருக்கித் துண்டு கேட்டாள், ஒருத்தர் அத்திப்பழம் கேட்டார். நான் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் நீலத்தில் ஒரு பெரிய துண்டு வாங்கினேன். செருப்பு புதிதாக வாங்கலாமா என்று யோசித்து, மணலில் செருப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வாரங்கள் போயின. மமாவைக் கேட்டால், "வரும், வரும். உங்க ஆட்களுக்கு நாளாகும்" என்பார். ஜோசியர் குறித்த நாளோ அசையாது. மூன்று காலண்டரும் அந்த ஒரு நாளில்தான் ஒத்துவந்திருந்தன. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது மமா என்னை எதிரில் உட்கார வைத்து, ஊ கணேசனுக்குப் போன் போட்டார்.

"இவ பாஸ்போர்ட் வரலைங்க, என்ன செய்யிறது. ஒன்பது பேரேன்னு நீங்க கவலைப்பட வேண்டாம். எங்க செக்லிஸ்ட்லயே வழி இருக்கு. டின் டின் எழுதினதுதான். பதினேழாவது வரி."

போனை வைத்துவிட்டுப் பயணிகள் பட்டியலை எடுத்தார். ஸ்கேலை என் பேருக்கு மேலே வைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு. "கல்லை நீயே பார்த்து எடுத்து வச்சிடு" என்றார்.

இழுப்பறையில் இருந்த கல்லை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலை தாகேதாவில் பஸ்ஸுக்கு நடக்கும்போது எங்கள் தெரு முனையிலிருந்து ஒன்று எடுத்தேன். சாம்பல் நிறம், கோழிமுட்டை அளவு. ஆபீஸ் குழாயில் கழுவி, பாஸ்போர்ட்டுகள் இருந்த பையிலேயே போட்டேன். அக்கா வாங்கிக்கொள்ளும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவ கண்டிப்பா" என்றார். அப்பா தெருவில் யாருக்கும் பதில் சொல்லவேண்டாம் என்று ஒரு வாரம் வாசல் பக்கமே வரவில்லை.

அவர்கள் புறப்பட்ட மறுநாள் மமா வங்கிக்குப் போயிருந்தார். கூரியர் ரசீதுப் புத்தகம் தேடி அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் என் காக்கி உறை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் ஆபீஸ் கடிதம், டைப் அடித்து, கையெழுத்துப் போடாமல்.

உறையை எடுத்துக்கொண்டு போய் என் பையில் வைத்தேன். மமா வந்தார், டீ கொண்டுவரச் சொன்னார், ஸ்கேலை எடுத்தார். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன், உறையைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை போனால் அப்பாவுக்கு மருந்து கிடையாது, அது ஒன்று. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, அது இன்னொன்று. என்னைப் பிடிக்காதவர் என்று சொல்ல முடியாது. என் அம்மா செத்தபோது அந்த மனுஷி மூன்று நாளும் தாகேதாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து மீனாட்சி அக்கா ஆபீஸுக்கு வந்தார். மமா உள் அறையில் போனில் இருந்தார். அக்கா நடக்கும் நடையே சரியாக இல்லை. உட்கார்ந்ததும் ஒரு செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். உள்ளங்காலில் துணி கட்டியிருந்தது.

"என்ன கரைடி அது? மாவு மாதிரின்னு ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டுச் சொன்னீங்க. மணல் ஒரு பிடி கிடையாது. நீள நெடுக கல்லு. அந்த ஊரு ஆளுங்க எல்லாம் ரப்பர் செருப்போட தண்ணியில இறங்குறாங்க. நான் உங்க பேச்ச நம்பி வெறுங்காலோட ஓடினேன்."

"மணலே இல்லையா அக்கா?"

"எப்பவுமே கிடையாதாம். ஓட்டல்காரன கேட்டேன். அவன் அந்த ஊர்லயே பிறந்தவன்."

அப்புறம் கோபம் தணிந்து சிரித்தார். "இன்னொரு கூத்து கேளு. சின்னப்பய பைக்குள்ள கைய விட்டு உன் கல்ல எடுத்துக் கரையில போட்டுட்டான். அவ்வளவு கல்லுக்குள்ள எது நம்ம கல்லுன்னு எப்படித் தேட? ஒரு மணி நேரம் எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். திரும்பி வர்றப்ப ஒம்போதா வரமுடியுமா? அங்கேருந்தே ஒண்ண எடுத்துக்கிட்டு வந்தோம். உனக்குத்தான் குடுக்கணும்னு தோணுச்சு." கைக்குட்டையைப் பிரித்து ஒரு கல்லை என் மேசையில் வைத்தார். வெள்ளை, தட்டை, ஒரு ஓரத்தில் பழுப்புக் கோடு. கடல் தேய்த்து வழவழவென்று இருந்தது.

அக்கா போன பிறகு நான் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். மமா ஒரு ஃபைலில் ஸ்கேலை வைத்திருந்தார். ஸ்கேலின் மேலே கல்லை வைத்தேன்.

"இது என்ன?"

"அந்தாலியா மேற்குப் பக்கக் கரை, மமா. உங்க மணல்."

அவர் அதைத் தொடவில்லை. தப்பைக் கண்டுபிடிக்க நான் குனியும்போது அவர் காத்திருப்பாரே, அதுபோல இந்தத் தடவை நான் நின்றேன்.

"பாங்காக்கோட நின்னுட்டேன்" என்றார் கடைசியில். "விசா வரல. நாலு நாள் ஒரு சத்திரத்துல படுத்திருந்தேன். மத்த ஏஜென்சி ஆளுங்க போயிட்டு வந்து படம் காட்டினாங்க. திரும்பி வந்து என்னன்னு சொல்லுவேன்? முதலாளி கேட்டாரு, நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அப்புறம் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

"அதுக்கு என் பாஸ்போர்ட்ட..."

"நீ போனா பாத்துருவேல்ல."

எனக்குப் பரிதாபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அவரும் என்னைப்போலத்தான், படியில் நிறுத்தப்பட்டவர். ஆனால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்தவளை ஏறவிடாமல் காலை நீட்டினவரை எப்படி மன்னிப்பது? உறை என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஓய்வு பெறும்வரை ஐந்து வருஷம் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். இருவரும் மரியாதையாகவே பேசிக்கொண்டோம். மேற்குப் பக்கக் கரையைப் பற்றி அவர் அப்புறம் கண்ணை மூடவே இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் "டின் டின்னைக் கேளுங்க" என்பார். நான் "செருப்பு கொண்டு போங்க" என்பேன். செக்லிஸ்டில் அது பதினெட்டாவது வரி.

அப்புறம் நானே போய் வரிசையில் நின்றேன். கடிதத்தில் இந்தத் தடவை மமா உடனே கையெழுத்துப் போட்டார். தாத்தாவின் கப்பலைக் கேட்டார்கள், சொன்னேன். பத்து மாதம் ஆயிற்று, பாஸ்போர்ட் வந்தது. ஆனால் என் சம்பளத்தில் பாங்காக் வரைகூடப் போகமுடியாது. ஊ கணேசனுக்கு அடுத்த வருஷம் இன்னொரு பேரன் பிறந்து, அவர்கள் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமல் அதன் காலம் முடிந்தது. நீலத் துண்டை அப்பா கடைசி வரைக்கும் போர்த்திக்கொண்டார்.

அந்த வெள்ளைக் கல் இப்போது தாகேதாவில், ஜன்னல் காற்றில் இந்தத் தாள்கள் பறக்காமல் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருமுனைக் கல் அந்தாலியாவில், தண்ணீர் ஓரமாக, மற்றக் கற்களோடு கிடக்கிறது. அந்தப் பெண் கேட்டாளே, கடல் எப்படி இருக்கும் என்று. எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அது தெரிந்தது அந்த ஒரு கல்லுக்குத்தான், அது திரும்பி வரவில்லை.